நடக்காத ஒன்றை எண்ணுவது எப்படி?

எக்ஸ் கதிர்கள் தசையை எளிதில் ஊடுருவிச் செல்லும். எலும்பில் உள்ள கால்சியமோ அவற்றைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்ளும். ஆகையால்தான் எக்ஸ் கதிர்ப் படத்தில் எலும்பு வெண்மையாகத் தெரிகிறது. 1895-இல் ராண்ட்ஜன் இக்கதிர்களைக் கண்டுபிடித்த வரலாற்றை நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வீடுகளின் கதவுகளுக்குப் பின்னால் மறைந்து கிடந்த ஒரு துன்பத்தையும் இதே கதிர்கள் ஒருநாள் வெளிச்சத்திற்குக் கொண்டுவந்தன என்பது உங்களுக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

1946-இல் நியூயார்க் நகரில் ஜான் காஃபி என்ற எக்ஸ் கதிர் மருத்துவ வல்லுநர் ஆறு கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தலையினுள் இரத்தக் கசிவு இருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் அவர்கள். படம் எடுத்துப் பார்த்தபோது கை, கால்களிலும் எலும்பு முறிவுகள் தெரிந்தன. முறிந்த எலும்பைச் சுற்றி ஓரிரு வாரங்களில் புதிய எலும்பு வளரத் தொடங்கும். படத்தில் அது மங்கிய நிழல்போல் தோன்றும். ஆகவே, ஒரு முறிவு புதியதா பழையதா என்பதைப் படமே சொல்லிவிடும். ஒரே குழந்தையின் உடலில் புதிய முறிவும் பழைய முறிவும் சேர்ந்து காணப்பட்டால், அக்குழந்தை ஒரு முறை மட்டும் தவறி விழுந்தது என்று எப்படிக் கொள்வது?

இதன் முழுப் பொருளையும் வெளிப்படையாக எடுத்துரைக்க மேலும் 16 ஆண்டுகள் ஆயின. 1962-இல் டென்வர் நகரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பும் அவருடைய துணைவர்களும் அமெரிக்காவில் 71 மருத்துவமனைகளை விசாரித்தார்கள். ஓராண்டில் 302 குழந்தைகள் பெரியவர்களால் அடிபட்டு அங்கே வந்திருந்தார்கள் என்றும், அவர்களுள் 33 பேர் இறந்துவிட்டார்கள் என்றும் தெரியவந்தது. அடித்தவர்கள் பெரும்பாலும் பெற்றோர்களே, அல்லது குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களே. சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும், இத்தகைய காயங்களைக் காணும் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எலும்பு முறிந்த பிறகுதான் எக்ஸ் கதிர்ப் படம் அதைக் காட்டும். புகார் எழுந்த பிறகுதான் சட்டம் வரும். முறியும் முன்பே தடுக்க வழி உண்டா? அப்படித் தடுத்துவிட்டோம் என்று யாராவது சொன்னால், அது உண்மைதானா என்று எப்படிச் சோதிப்பது? நடந்ததை எண்ணலாம்; நடக்காததை எப்படி எண்ணுவது? இக்கேள்விக்கு விடை தேடிய ஓர் ஆராய்ச்சியைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கொடுமை என்பது என்ன?

குழந்தைக்கு இழைக்கப்படும் கொடுமையை அறிஞர்கள் நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். அடித்தல், சுடுதல், குலுக்குதல் போன்ற உடல் கொடுமை ஒன்று. பாலியல் கொடுமை மற்றொன்று. ஓயாமல் இழிவுபடுத்துதல், அச்சுறுத்துதல் ஆகியவை மனக் கொடுமை. நான்காவது புறக்கணிப்பு. உணவு, தூய்மை, மருந்து, பாதுகாப்பு, அன்பு ஆகியவற்றைத் தராமல் விட்டுவிடுவது இது. இதில் யாரும் கை ஓங்குவதில்லை. ஆயினும் பல நாடுகளின் பதிவேடுகளில் மிக அதிகமாகக் காணப்படுவது இந்த வகையே.

இவற்றைச் செய்பவர்கள் எல்லாரும் இரக்கமற்றவர்கள் என்று நினைப்பது எளிது. சிலர் அப்படிப்பட்டவர்களாக இருக்கலாம். பாலியல் கொடுமையின் காரணங்களும் வேறு. அதைத் தடுக்கும் முறைகளும் வேறு. ஆனால் அடியும் புறக்கணிப்பும் நேர்ந்த குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் சில நிலைமைகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார்கள். மிக இளம் வயதில் தாயாதல், வறுமை, வேலையின்மை, குடிப்பழக்கம், தாயின் மனச்சோர்வு, வீட்டில் பெரியவர்களுக்கிடையே வன்முறை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தனிமை ஆகியவை அவை. இந்த நிலைமைகள் இருந்தால் கொடுமை நடந்தே தீரும் என்பதில்லை. பெரும்பாலான ஏழைப் பெற்றோர் தங்கள் குழந்தைகளைக் கண்ணுக்குக் கண்ணாகவே வளர்க்கிறார்கள். சுமை கூடக் கூட, தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாதபோது, வாய்ப்பு கூடுகிறது என்பதே கண்டறிந்த உண்மை.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கைக்குழந்தையின் அழுகைக்கு ஒரு வரைபடம் உண்டு. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து அழுகை நாளுக்கு நாள் கூடுகிறது. ஆறாவது வாரம் முதல் இரண்டு மாதத்திற்குள் உச்சத்தை அடைகிறது. மூன்று நான்கு மாதங்களில் தணிகிறது. நலமாக உள்ள குழந்தையும் இப்படித்தான் அழும். சில வேளைகளில் எதைச் செய்தாலும் நிறுத்தாது. இதை அறியாத தாய், “என்னிடம் ஏதோ குறை இருக்கிறது” என்று கலங்குகிறாள், அல்லது “குழந்தை வேண்டுமென்றே செய்கிறது” என்று எரிச்சல் கொள்கிறாள். தூக்கமில்லாத இரவு, பக்கத்தில் யாருமில்லை. அந்த நொடியில் குழந்தையைப் பிடித்துக் குலுக்கிவிடுகிறவர்கள் உண்டு. கைக்குழந்தைக்குத் தலை பெரியது, கழுத்துத் தசை வலுவற்றது. குலுக்கும்போது தலை முன்னும் பின்னும் வீசப்படுகிறது. மண்டை ஓடு நகரும் வேகத்தில் மூளை நகருவதில்லை என்பதால், இரண்டுக்கும் இடையே உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு அறுகின்றன. நிலைமம் என்று நீங்கள் வகுப்பில் படிக்கும் பண்பு இங்கே உயிரைப் பறிக்கவும் வல்லது.

அந்த இரவில் “எல்லாக் குழந்தையும் இந்த வயதில் இப்படித்தான் அழும், இன்னும் சில வாரங்களில் தணியும். என்னிடம் கொடுத்துவிட்டு நீ சற்றுத் தூங்கு” என்று சொல்ல ஒருவர் இருந்தால் என்ன ஆகும்?

எல்மைராவில் ஒரு சோதனை

டேவிட் ஓல்ட்ஸ் என்ற இளைஞர் 1970-களின் தொடக்கத்தில் பால்டிமோர் நகரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பணிபுரிந்தார். அங்கு வந்த சில சிறுவர்களின் இன்னல்கள், அவர்கள் காப்பகத்திற்கு வரும் முன்பே, ஏன், பிறக்கும் முன்பே தொடங்கிவிட்டதை உணர்ந்தார். பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் யூரி பிரான்ஃபென்பிரென்னர் என்ற உளவியல் பேராசிரியரிடம் பயின்றார். குழந்தையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அதைச் சூழ்ந்திருக்கும் குடும்பம், அக்கம்பக்கம், பணியிடம், சமுதாயம் ஆகிய எல்லா வட்டங்களையும் பார்க்க வேண்டும் என்பது அப்பேராசிரியரின் கொள்கை.

ஓல்ட்ஸ் தம் சோதனைக்குத் தேர்ந்த ஊர் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா. அன்று ஏறத்தாழ 35,000 மக்கள் வாழ்ந்த சிறு நகரம். தொழில் நலிந்து போயிருந்தது. மாநிலத்தில் குழந்தைக் கொடுமைப் புகார்கள் மிக அதிகமாகப் பதிவான பகுதிகளுள் அதுவும் ஒன்று.

1978 முதல் 1980 வரை, முதல் குழந்தையை எதிர்பார்த்திருந்த 400 பெண்கள் இந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பத்தொன்பது வயதுக்குட்பட்டவர்கள், அல்லது திருமணமாகாதவர்கள், அல்லது வறியவர்கள். அவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். 184 பேருக்கு, குழந்தையின் வளர்ச்சிச் சோதனையும், சிலருக்கு மருத்துவமனை செல்ல இலவச வண்டி வசதியும் கிடைத்தன. இது ஒப்பீட்டுக் குழு. 100 பேருக்கு, கருவுற்றிருந்த காலத்தில் மட்டும் ஒரு செவிலியர் வீடு தேடி வந்தார். 116 பேருக்கு, குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் வரை செவிலியர் வந்துகொண்டே இருந்தார். சராசரியாகப் பிரசவத்துக்கு முன் 9 முறையும், பின் 23 முறையும் அவர் வந்தார். பிறந்த முதல் ஆறு வாரங்களில், அழுகை உச்சத்தை நோக்கி ஏறும் அதே வாரங்களில், வாரம் ஒரு முறை வந்தார்.

செவிலியர் என்ன செய்தார்? ஊசி போடவில்லை, மருந்து கொடுக்கவில்லை. கருவுற்ற பெண்ணின் உணவைப் பற்றிப் பேசினார். புகைப் பழக்கத்தைக் குறைக்க உதவினார். குழந்தை எப்போது பசியால் அழுகிறது, எப்போது களைப்பால் அழுகிறது என்று இனம் காணக் கற்றுக்கொடுத்தார். தாயின் படிப்பு, வேலை, அடுத்த குழந்தை எப்போது என்பன பற்றி அவளே முடிவு செய்யத் துணை நின்றார். இவற்றோடு மற்றொன்றும் செய்தார். பாட்டி, கணவர், தோழி என்று யாரேனும் ஒருவரை அந்தப் பேச்சில் கலந்துகொள்ளச் செய்தார். தாம் வருவது நின்ற பிறகும் தாய் தனியாக நிற்கக் கூடாது என்பது அதன் நோக்கம்.

ஏன் சீட்டுப் போட வேண்டும்?

யார் எந்தக் குழுவில் சேருவது என்பதை ஆராய்ச்சியாளர் முடிவு செய்யவில்லை. தாய்மாரும் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கல் போன்ற தற்செயல் முறையே முடிவு செய்தது. ஏன்?

விரும்பியவர்களை மட்டும் செவிலியர் குழுவில் சேர்த்திருந்தால், அக்கறை மிகுந்த தாய்மாரே முதலில் வந்திருப்பார்கள். அவர்களுடைய குழந்தைகள் நலமாக இருந்தால் அது செவிலியரால் வந்ததா, தாயின் அக்கறையால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. தற்செயலாகப் பிரிக்கும்போது அக்கறை உள்ளவர், இல்லாதவர், மிகுந்த துன்பத்தில் இருப்பவர் ஆகிய எல்லாரும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகப் பரவுகிறார்கள். நாம் அளக்க மறந்த பண்புகள்கூட அப்படியே பரவிவிடுகின்றன.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். 40 காகிதத் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 20 துண்டுகளில் பெருக்கல் குறி இடுங்கள். அவை சுமை மிகுந்த குடும்பங்கள் என்று கொள்வோம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் வலப்பக்கம், பூ விழுந்தால் இடப்பக்கம் வையுங்கள். முடிவில் இரு பக்கமும் உள்ள பெருக்கல் குறிகளை எண்ணுங்கள். பத்துக்குப் பத்து, பதினொன்றுக்கு ஒன்பது போன்ற நெருங்கிய எண்ணிக்கைகளே பெரும்பாலும் வரும். 15-க்கு 5 என்றோ அதைவிட ஏற்றத்தாழ்வாகவோ வருவது நூற்றில் ஏறத்தாழ நான்கு முறைதான். இப்போது 4 குறித் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். நான்கும் ஒரே பக்கம் சேருவது எட்டில் ஒரு முறை நடக்கும். எண்ணிக்கை குறைந்தால் தற்செயல் நம்மை ஏமாற்றிவிடும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

“ஒப்பீட்டுக் குழுவுக்கு மட்டும் செவிலியரை அனுப்பாமல் விட்டது நியாயமா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. செவிலியர் வருகையால் பயன் உண்டா என்பது அன்று யாருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்துகொள்ளாமல் ஊர் முழுவதும் செயல்படுத்தி, பயனற்றது எனப் பிறகு கண்டால், வேறு நல்ல வழிக்குப் போக வேண்டிய பணமும் ஆண்டுகளும் வீணாகியிருக்கும்.

கிடைத்த விடை

கதிரியக்கத்தை அளக்கும் கெய்கர் எண்ணி, பக்கத்தில் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லாதபோதும் டிக், டிக் என்று எண்ணிக்கொண்டிருக்கும். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் வரும் கதிர்களே காரணம். ஆகவே, முதலில் இந்தப் பின்னணி எண்ணிக்கையை அளந்துகொண்டுதான் சோதனையைத் தொடங்குவோம். எல்மைராவில் ஒப்பீட்டுக் குழு செய்த வேலையும் இதுதான். செவிலியர் வராவிட்டால் எத்தனை கொடுமைகள் நடந்திருக்கும் என்பதை அது காட்டியது. நடக்காததை எண்ணும் வழி இதுவே: நடந்திருக்கக்கூடியதிலிருந்து நடந்ததைக் கழிப்பது.

முதல் இரண்டு ஆண்டுகளின் முடிவு 1986-இல் வெளிவந்தது. வறிய, மணமாகாத, இளவயதுத் தாய்மாரிடையே, ஒப்பீட்டுக் குழுவில் 19 சதவீதக் குடும்பங்களில் கொடுமையோ புறக்கணிப்போ உறுதி செய்யப்பட்டது. செவிலியர் தொடர்ந்து வந்த குழுவில் அது 4 சதவீதம். வேறுபாடு பெரிதுதான். ஆயினும் இந்தச் சிறு பிரிவில் குடும்பங்களின் எண்ணிக்கை குறைவு. செவிலியரால் பயனே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே தோன்ற நூற்றுக்கு ஏழு முறை வாய்ப்பு உண்டு என்று கணக்கிட்டார்கள். ஆகவே, ஆராய்ச்சியாளர்கள் காத்திருந்தார்கள்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில், அதாவது செவிலியர் வருகை நின்ற பிறகு, கொடுமைப் புகார்களில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. திட்டம் தோற்றுவிட்டதா? ஆனால் செவிலியர் வந்த வீட்டுக் குழந்தைகளுக்கு அதே காலத்தில் காயங்களும் நச்சுப் பொருளை விழுங்கும் விபத்துகளும் 40 சதவீதம் குறைவாக இருந்தன. ஒரு கருவி காட்டாததை மற்றொரு கருவி காட்டியது எனலாம்.

குழந்தைகளுக்குப் 15 வயதானபோது மீண்டும் கணக்கெடுத்தார்கள். 1997-இல் முடிவு வெளியாயிற்று. உறுதி செய்யப்பட்ட கொடுமை, புறக்கணிப்புப் புகார்கள் ஒப்பீட்டுக் குழுவில் தாய் ஒருவருக்குச் சராசரி 0.54. செவிலியர் இரண்டு ஆண்டுகள் வந்த குழுவில் 0.29. நூறு தாய்மார் என்று வைத்துக்கொண்டால் 54 புகார்களுக்குப் பதில் 29. குறைந்தது 25. இதை 54-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 46 சதவீதம். செவிலியர் விடைபெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் வருகையின் பயன் தொடர்ந்தது. இம்முறை, செவிலியரால் பயனே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே தோன்ற ஆயிரத்தில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். செவிலியர் அடிக்கடி வீட்டுக்குள் வருகிறார் அல்லவா? மற்ற வீடுகளில் யாருக்கும் தெரியாமல் போகும் கொடுமை இங்கே அவர் கண்ணில் பட்டுவிடும். அளக்கும் கருவியே அளவைக் கூட்டிக் காட்டுகிறது. அப்படியிருந்தும் புகார்கள் குறைந்தன என்றால், உண்மையான குறைவு நாம் கண்டதைவிட அதிகமாக இருக்கலாமே தவிர, குறைய வாய்ப்பில்லை.

எங்கே பலிக்கவில்லை?

ஒரு விதியின் எல்லைகளை அறிவதும் விதியை அறிவதன் ஒரு பகுதியே. 2000-ஆம் ஆண்டில் இதே எல்மைரா குடும்பங்களைப் பற்றி மற்றொரு செய்தி வெளிவந்தது. வீட்டில் தாய்க்கும் அவள் துணைவருக்கும் இடையே வன்முறை மிகுந்திருந்த குடும்பங்களில் செவிலியர் வருகையின் பயன் மங்கி மறைந்தது. தாயே அச்சத்தில் வாழும் வீட்டில் அறிவுரையும் அன்பும் மட்டும் போதா. அவளுக்கு முதலில் பாதுகாப்பு வேண்டும்.

இங்கிலாந்திலும் இதே முறையைச் சோதித்தார்கள். 1,600-க்கும் மேற்பட்ட இளவயதுத் தாய்மார் கலந்துகொண்டார்கள். 2016-இல் வெளியான முடிவு ஏமாற்றம் அளித்தது. தாயின் புகைப் பழக்கம், குழந்தையின் பிறப்பு எடை, அடுத்த கருத்தரிப்பு, அவசர சிகிச்சைக்கு வருதல் ஆகிய நான்கிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காரணம் என்னவாக இருக்கும்? இங்கிலாந்தில் குழந்தை பிறந்த எல்லா வீடுகளுக்கும் அரசுச் சுகாதாரப் பணியாளர் செல்லும் வழக்கம் நெடுங்காலமாகவே உண்டு. ஒப்பீட்டுக் குழுவினருக்கும் அந்த உதவி கிடைத்தது. ஏற்கெனவே விளக்கு எரியும் அறையில் இன்னொரு விளக்கை ஏற்றினால் மாற்றம் பெரிதாகத் தெரியாது. இது ஒரு விளக்கம்தான். முடிந்த முடிவு அன்று. ஆயினும், ஓர் ஊரில் பலித்ததை அப்படியே இன்னோர் ஊருக்குக் கொண்டு போகாமல், அங்கே முன்பே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற பாடம் நமக்குக் கிடைக்கிறது.

ஒரே ஒருவர் போதும்

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியல் அறிஞரும் அவர் துணைவர்களும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் நோய் அல்லது குடி என்று பல இடர்களுக்கிடையே வளர்ந்தவர்களுள், மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அன்பும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடையே பொதுவாகக் காணப்பட்டவற்றுள் ஒன்று, சிறு வயதில் அவர்களிடம் நிலையான அன்பு காட்டிய ஒருவர் இருந்தது. அவர் பாட்டியாக இருக்கலாம், மூத்த சகோதரியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரர் என்றால் நாமும்தான். அண்டை வீட்டில் புதிதாகக் குழந்தை பெற்ற அக்கா தனியாக இருக்கிறார் என்றால், உங்கள் அம்மா ஒரு வேளைச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுப்பதும், நீங்கள் கடைக்குப் போய் வருவதும் சிறு செயல்கள் அல்ல. நம் ஊர்களில் கிராமச் சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் இருக்கிறார்கள்; உதவி தேவைப்படும் தாய்க்கு அவர்களைப் பற்றிச் சொல்லலாம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும்போது அழுகை நிற்கவில்லை, உங்களுக்குக் கோபம் ஏறுகிறது என்றால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சற்று விலகி நின்று மூச்சு விடுங்கள். பெரியவர் ஒருவரை அழையுங்கள். எக்காரணம் கொண்டும் குலுக்காதீர்கள்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்கேனும் இத்தகைய கொடுமை நேர்ந்துகொண்டிருந்தால், அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். 1098 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் எந்நேரமும் தொலைபேசலாம். பாலியல் கொடுமை என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அதை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது கடமை. சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது.

காஃபியின் எக்ஸ் கதிர்ப் படங்கள் முறிந்த எலும்புகளைக் காட்டின. எல்மைராவில் முறியாமல் போன எலும்புகளுக்குப் படம் எதுவும் இல்லை. நூற்றுக்கு 25 என்ற அந்தக் கழித்தல் கணக்கு மட்டுமே இருக்கிறது. எந்தக் குழந்தை காப்பாற்றப்பட்டது என்று யாருக்கும், அந்தக் குழந்தைக்கும்கூடத் தெரியாது.

சிந்தித்து விடை காண்க

1. ஓர் ஊரில் செவிலியர் திட்டம் தொடங்கிய மறு ஆண்டே குழந்தைக் கொடுமைப் புகார்கள் கூடின. திட்டம் தோற்றுவிட்டது என்று கூறலாமா? வேறு என்ன காரணம் இருக்கலாம்?

2. ஒப்பீட்டுக் குழு இல்லாமல், திட்டத்திற்கு முன்னும் பின்னும் உள்ள எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் என்னென்ன தவறுகள் நேரலாம்?

3. காகிதத் துண்டுச் சோதனையை உங்கள் வகுப்பில் 20 பேர் தனித்தனியே செய்யுங்கள். வலப்பக்கம் விழுந்த பெருக்கல் குறிகளின் எண்ணிக்கையை வரைபடமாக வரையுங்கள். அதன் வடிவம் எப்படி இருக்கிறது?

4. உங்கள் தெருவில் கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டுக்கு, பணச் செலவில்லாமல் நீங்கள் செய்யக்கூடிய மூன்று உதவிகளை எழுதுங்கள். அவற்றுள் ஒன்றை இந்த வாரமே செய்யுங்கள்.